கழுத்துக்கு இரண்டு கோடு

ஜனவரி 9

காப்புறுதிக்காரர் அம்மாவுக்குக் கொடுத்த டயறி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இப்படிச் சிரிக்கிற குடும்பத்தை நெல்லியடியில் நான் கண்டதில்லை. தனக்கு எழுத ஒன்றும் இல்லை என்று அம்மா என்னிடம் தந்துவிட்டார். எனக்கு இருக்கிறதா என்று பார்ப்போம்.

உயர்தர வகுப்பில் இது கடைசி வருடம். என்னுடைய பாடங்கள் சங்கீதம், சித்திரம், இந்து நாகரிகம். சங்கீத வகுப்பில் ஐந்து பேர், சித்திர வகுப்பில் பதினொரு பேர். இரண்டையும் எடுத்திருப்பவள் பாடசாலையிலேயே நான் ஒருத்திதான். ஒன்று கைவிட்டாலும் மற்றது காப்பாற்றும் என்பது அம்மாவின் யோசனை. நடப்பது என்னவென்றால், சங்கீத அறை மேல்மாடியில் இருக்கிறது, சித்திர அறை மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, மணி அடித்ததும் நான் ஓடுகிறேன். இரண்டு இடத்திலும் பிந்தி வந்ததற்கு ஏச்சு வாங்குகிறேன்.

சங்கீத வகுப்பைப் பற்றி எழுதினால் கஜானியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குப் பக்கத்தில் இருக்கிறவள். கரவெட்டியிலிருந்து சைக்கிளில் வருவாள். அவள் பாடத் தொடங்கினால் கன்ரீன் அன்ரி வடைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பார். நான் பாடினால் வடை தன்பாட்டில் வேகும். எனக்குச் சுருதி விலகாது, தாளம் பிசகாது, பத்மலோஜினி மிஸ் தலையை ஆட்டுவார். அவள் பாடும்போது மிஸ் கண்ணை மூடிவிடுவார். இந்த வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும். அதில் எனக்கு எரிச்சல் இல்லை என்று சொன்னால் அது பொய்.

தனியிசைப் போட்டிக்கு ஒரு பாடசாலையிலிருந்து ஒருத்திதான் போகலாம். மூன்று வருடமாகக் கஜானிதான் போகிறாள். பல்கலைக்கழகத்தில் இசை படிக்கப் போகிறவளும் அவள்தான் என்று எல்லாரும் இப்போதே முடிவு கட்டிவிட்டார்கள். அவளுக்கும் வேறு வழி கிடையாது. ஆங்கிலம் வராது, கணிதம் இரண்டாம் தரம் எழுதித்தான் பாஸ். தன்னிடம் இருப்பது குரல் ஒன்றுதான், அதுவும் போனால் கரவெட்டிச் சந்தியில் வெங்காயம் விற்கவேண்டியதுதான் என்று அவளே பகிடி விடுவாள்.

ஜனவரி 23

சித்திரப் பரீட்சையில் ஒரு பகுதி, ஆளை இருத்திப் பார்த்து வரைவது. பழகுவதற்கு ஒவ்வொரு கிழமையும் யாராவது ஒரு பாட நேரம் முழுவதும் அசையாமல் இருக்கவேண்டும். எங்கள் வகுப்புப் பிள்ளைகளை இருத்தினால் ஐந்து நிமிடத்தில் மூக்கைச் சொறியத் தொடங்கிவிடுவார்கள். அந்த நேரம் கஜானிக்குப் பாடம் இல்லை என்பதால் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணை மூடிச் சுருதியில் இருந்து பழகியவள், கொஞ்சமும் அசையவில்லை.

கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, முதலில் தலையை அளக்க வேண்டும். அந்த அளவை வைத்துத்தான் மற்றதெல்லாம். அளந்து அளந்து வரைந்தேன். முன்கழுத்தின் இடப்பக்கம், கொலருக்குக் கொஞ்சம் மேலே, கோடு சற்று வெளியே போய் உள்ளே வந்தது. அப்படித்தான் தெரிந்தது, அப்படியே விட்டேன்.

மரியநாயகம் சேர் பின்னால் வந்து நின்றார். "உதென்ன பிள்ளை, கழுத்தோ வத்தகப்பழமோ?" என்றார். வகுப்பே சிரித்தது. கதிரையில் இருந்த கஜானியும் சிரித்தாள். அப்படித்தான் இருக்கிறது சேர் என்றேன். அவர் கதிரைப் பக்கம் திரும்பவில்லை. என் கையிலிருந்து பென்சிலை வாங்கினார்.

"பேப்பர் திருத்துறவர் ஆளைப் பாக்கமாட்டார் பிள்ளை, படத்தைத்தான் பாப்பார். ஆளில இருக்கிற கோணலும் படத்தில உன்ர பிழைதான். கழுத்துக்கு ரெண்டு கோடு, காணும்."

அழித்துவிட்டு இரண்டு கோடு போட்டுக் காட்டினார். உண்மையைச் சொன்னால் படம் அதற்குப் பிறகுதான் வடிவாக இருந்தது. மணி அடித்ததும் கஜானி ஓடிவந்து பார்த்துவிட்டு, நான் இவ்வளவு வடிவோ என்று கேட்டாள். சேருக்கு நன்றி சொல்லு என்றேன்.

பெப்ரவரி 3

ஆடு அவிழ்த்துக்கொண்டு போய் அயல் வீட்டுக் கத்தரிக் கன்றைத் தின்றுவிட்டது. அம்மா என்னைப் பேசினார். நான் ஆட்டைப் பேசினேன்.

பெப்ரவரி 17

இன்று தோடி. மேல்ஸ்தாயிக்கு ஏறும்போது கஜானியின் குரல் உடைந்தது. முதலில் தடிமன் என்று நினைத்தோம். மிஸ் திரும்பப் பாடச் சொன்னார். திரும்ப அதே இடத்தில் உடைந்தது, காற்று மட்டும் வந்தது. ஐந்து கட்டையில் பாடுகிறவளுக்குச் சுருதியை நாலரைக்கு இறக்கிப் பார்த்தார்கள். அதிலும் அந்த இடம் சுத்தமாக வரவில்லை.

மிஸ்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. சாதகம் பண்ணுவதில்லை, போனில் நேரம் போகிறது, ஐஸ்கிறீம் தின்கிறாய், குரல் தன்பாட்டில் நிற்கும் என்று நினைக்கிறாய் என்று அடுக்கிக்கொண்டே போனார். விடிய எழும்பி ஒரு மணித்தியாலம் அகார சாதகம், சுடுதண்ணீர், பனங்கற்கண்டு என்று உத்தரவு போட்டார். கஜானி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு என்னைப் பாடச் சொன்னார். பாடினேன். அந்த இடத்தில் எனக்கு ஒரு சிக்கலும் இல்லை.

வீட்டுக்கு வரும்போது சைக்கிள் லேசாக ஓடியது. காற்று அப்படி.

மார்ச் 6

கஜானியை மறுபடி இருத்தினோம். நான் அதே இடத்தில்தான் நின்றேன். கழுத்தை அளந்தால் தலையகலத்தில் பாதிக்கு மேல் வருகிறது. போன முறை பாதிக்குக் குறைவு. என் கை சரியாக நீளவில்லை என்று நினைத்து இரண்டாம் தரம் அளந்தேன். பிறகு கதிரையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளச் சொன்னேன். தூரம் மாறினாலும் விகிதம் மாறாது என்பது எட்டாம் வகுப்புப் பாடம். ஆனாலும் தள்ளச் சொன்னேன். அப்போதும் அப்படியேதான் வந்தது.

இரண்டு கோடு போட்டேன். நிழலைக் கொஞ்சம் கூட்டிக் கழுத்தை ஒடுக்கினேன். சேர் எடுத்து வகுப்புக்குத் தூக்கிக் காட்டி, இதுதான் உருவம், இதைப் பார்த்துப் பழகுங்கள் என்றார். சேர் ஒருவரைப் புகழ்ந்து நான் கேட்டது இது முதல் தரம். ஒரு கிழமை சுவரில் தொங்கட்டும் என்று சொன்னார். கஜானி அந்தப் படத்தைப் பிறகு தனக்குத் தரமுடியுமா என்று கேட்டாள். தருகிறேன் என்றேன். தன் முகத்தை வீட்டில் மாட்ட ஆசைப்படுகிறவளை வேறு என்ன சொல்வது.

மார்ச் 15

படத்தைக் கொடுத்தேன். சைக்கிள் கூடையில் மடியாமல் வைப்பதற்கு அவள் பட்ட பாடு.

மார்ச் 28

போட்டிக்கு ஆள் தெரிவு. மிஸ் இருவரையும் பாட வைத்தார். கஜானி நாலு கட்டையில் பாடினாள். நடுஸ்தாயியில் இன்னும் அவள் அவள்தான், யாரும் கிட்ட நிற்க முடியாது. மேலே போனதும் கிழிந்தது. பாட்டை இடையில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தாள், அது புரைக்கேறி இருமினாள். மிஸ் கொப்பியை மூடிவிட்டு என் பெயரைச் சொன்னார்.

எனக்கு அழுகை வந்தது. சந்தோசத்தில்தான். மூன்று வருடம் இரண்டாவதாக நின்றவளுக்குத்தான் அது தெரியும். கஜானி என் கையைப் பிடித்து, "நீ போறதுதான் சரி, நான் வந்து கைதட்டுறன்" என்றாள். அவளுக்கு உள்ளுக்குள் என்ன இருந்ததோ, முகத்தில் ஒன்றும் இல்லை. அம்மா பால்கஞ்சி காய்ச்சினார்.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. கோயிலுக்குப் போய், வரும் வழியில் கஜானி வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா தபாற்கந்தோரில் வேலை செய்கிறவர். மகள் இப்போது சோற்றை அளைந்துகொண்டே இருக்கிறாள், விழுங்க ஒரு மணித்தியாலம் எடுக்கிறாள், சோதனைப் பயம் போல என்று என்னிடம் முறைப்பாடு சொன்னார். நீயும் இப்படித்தானா பிள்ளை என்று கேட்டார். நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிடுகிறேன் என்றேன்.

கஜானியின் புதுச் சட்டைக்குக் கழுத்தை நாடிவரை ஏற்றித் தைத்திருந்தார்கள். இந்த வெயிலில் எப்படித் தாங்குகிறாளோ. இப்போது அதுதான் மோஸ்தர் என்றாள். நான் வரைந்த படம் அவளுடைய அறையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. அதைவிட நல்ல இடம் வீட்டில் இல்லையா என்று கேட்டேன். அங்கே இருந்தால்தான் வசதி என்றாள்.

மே 10

வலய மட்டத்தில் முதலாமிடம். அப்பா கட்டாரிலிருந்து போன் எடுத்தார். கஜானி வந்து கைதட்டினாள், சொன்னபடி.

மே 22

இந்த வாரமும் கஜானிதான் இருந்தாள். நாடியைக் கீழே பதித்துக்கொண்டே இருந்தாள், நிமிர்ந்திரு என்று மூன்று தரம் சொல்லவேண்டி வந்தது. நிமிர்ந்தபோது ஜன்னல் வெளிச்சம் நேரே கழுத்தில் விழுந்தது. எனக்கு அந்த வெளிச்சம் பிடிக்கவில்லை, கதிரையை மறுபக்கம் திருப்பிப் போட்டேன்.

எல்லாரும் தூரிகை கழுவப் போனபோது அவள் எழும்பாமல் இருந்தபடி என்னைக் கேட்டாள். குரல் அடைத்துப்போய் இருந்தது.

"தர்சி, என்ர கழுத்து உனக்கு எப்பிடித் தெரியுது?"

"கழுத்து மாதிரித்தான் தெரியுது" என்றேன்.

அவள் சிரித்தாள். படத்தைக் காட்டு என்றாள், காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாகாணப் போட்டிக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது. அது முடியட்டும், பிறகு அவளோடு ஆறுதலாக இருந்து கதைக்கவேண்டும். இப்போது எனக்குத் தலை சொறியவும் நேரம் இல்லை. மேல்மாடியில் அவளுடைய பாட்டைக் கேட்டுவிட்டுக் கீழே வந்து அவளுடைய முகத்தை வரைகிறேன். இரண்டு அறைக்கும் போகிறவள் நான் ஒருத்தி, மற்றவர்களுக்கு இந்த அலைச்சல் விளங்காது.

ஜூன் 6

மாகாண மட்டத்தில் இரண்டாமிடம். முதலாவதாக வந்தவள் வவுனியாப் பிள்ளை. அவள் பாடியபோது நடுவர்களில் ஒருவர் கண்ணை மூடினார். எனக்கு மூன்று பேரும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். கஜானி வரவில்லை, காய்ச்சலாம்.

ஜூன் 7

உடுப்புத் தோய்த்தேன். இன்றைக்கு யாரோடும் கதைக்க மனமில்லை.

ஜூன் 19

காலைப் பிரார்த்தனையில் இந்தக் கிழமை தேவாரம் பாடும் முறை கஜானியுடையது. மேடையில் ஏறினாள். வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை, மூச்சு மட்டும் மைக்கில் கரகரத்தது. பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். அவள் விடாமல் இன்னொரு தரம் எடுத்தாள், அப்போது இருமல் வந்தது, இருமல் நிற்கவில்லை, முகம் நீலமாகிப் படியிலேயே இருந்துவிட்டாள். மிஸ் ஓடிப்போய் அவள் கழுத்தில் கட்டியிருந்த ரையை அவிழ்த்துக் கொலர் பொத்தானைக் கழற்றினார். கழற்றிய கை அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற அதிபரும் பார்த்தார். முன்வரிசைப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்தார்கள்.

நான் பார்க்கவில்லை. எங்கள் வரிசை பின்னுக்கு.

வான் பிடித்து மந்திகை ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும் கொண்டுபோனார்கள். மிஸ்ஸும் கூடப் போனார். அன்று சங்கீத வகுப்பு நடக்கவில்லை. சித்திர வகுப்பில் பூச்சாடி வரைந்தோம்.

ஜூலை 2

மிஸ் இன்று வகுப்பில் சொன்னார். கழுத்தில் இருந்தது கட்டி. ஊசி போட்டு எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். புற்றுநோய். உயிருக்குப் பயமில்லை, சின்ன வயது, மருந்து கேட்கும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் குரலுக்குப் போகிற நரம்பைக் கட்டி சுற்றிவிட்டது. வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் குரல் மிஞ்சுமா இல்லையா என்று தெரியும். இது நாலைந்து மாதமாக வெளியில் தெரிந்திருக்கும், குரலும் அப்போதே மாறியிருக்கும், இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவரும் இல்லையா என்று டொக்டர் தாயைக் கேட்டாராம்.

மிஸ் எங்கள் முன்னாலேயே அழுதார். "சாதகம் காணாது காணாது எண்டு அந்தப் பிள்ளையைப் பேசிக்கொண்டிருந்தன். விடிய விடியக் கத்த வச்சனான்" என்றார். அவர் இப்படி அழுவார் என்று நான் நினைத்ததில்லை. கீழே சித்திர அறைக்குப் போனால் அங்கேயும் செய்தி போயிருந்தது. மரியநாயகம் சேர் மேசையில் இருந்தபடி, இத்தனை கிழமை அந்தப் பிள்ளை எனக்கு முன்னால் இருந்தது, நான் ஒருநாளும் கதிரையைப் பார்க்கவில்லையே என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

மிஸ்ஸுக்குக் கழுத்து தெரியாது, சேருக்குக் குரல் தெரியாது. இரண்டு பேரும் தங்கள் தங்கள் பிழையைச் சொல்லிவிட்டார்கள். எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அம்மா இராச்சாப்பாட்டுக்குப் புட்டு அவித்தார், நான் சாப்பிடவில்லை.

ஜூலை 9

யாழ்ப்பாணம் போய்க் கஜானியைப் பார்த்தேன். அம்மாவும் வந்தார். வார்ட்டில் பதினாலாம் கட்டில். நான் கொண்டுபோன தோடம்பழத்தை உரித்துக்கொண்டே இருந்தேன். அவள்தான் பேசினாள், மூச்சால் பேசினாள். வெட்டின பிறகும் கீழ்ஸ்தாயி மிஞ்சினால் காணும், தாலாட்டுப் பாடியாவது பிழைப்பேன் என்றாள். பக்கத்துக் கட்டில் மனிசி சிரித்தார்.

வெளிக்கிடும்போது, ஒரு கேள்வி கேட்கவேண்டும், பிறகு கேட்கிறேன் என்றாள். என்ன கேள்வி என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஜூலை 20

வெட்டியாகிவிட்டது. கட்டியை முழுவதும் எடுத்துவிட்டார்களாம். நரம்பையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டி வந்ததாம்.

ஜூலை 21

கஜானி இனிப் பாடமாட்டாள். ஒருமுறை எழுதிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 14

கஜானியைக் கொழும்புக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே ஏதோ கதிர்வீச்சு மருந்து குடிக்கக் கொடுத்துத் தனி அறையில் வைத்திருப்பார்களாம், யாரும் கிட்டப் போகக்கூடாதாம்.

சித்திர வகுப்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கொண்டுவந்து இருத்தினார்கள். மெல்லிய கழுத்து, சொன்னால் சொன்னபடி இரண்டே கோட்டில் முடியும். நான் முகத்தை வரைந்து, தோளை வரைந்து, நடுவை வெறுமையாக விட்டேன். சேர் பின்னால் வந்து நின்றார். பார்த்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். முன்பென்றால் பென்சிலைப் பறித்திருப்பார்.

செப்ரெம்பர் 4

கஜானி கரவெட்டிக்குத் திரும்பிவிட்டாளாம். ஞாயிறு போய்ப் பார்க்கவேண்டும்.

செப்ரெம்பர் 8

இன்று போக முடியவில்லை. ஆட்டுக்குக் குழை வெட்டவேண்டி இருந்தது.

செப்ரெம்பர் 15

மழை.

செப்ரெம்பர் 22

சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டது. அம்மா, நடந்து போனால் அரை மணித்தியாலம்தானே என்றார். எனக்குச் சாதகம் பண்ண நேரம் வேண்டும் என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தானே ஒரு போத்தல் நல்லெண்ணெயும் முட்டையும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு சமைக்கும்போது அடுப்பைப் பார்த்தபடி, "உன்னைத்தான் கேட்டது அந்தப் பிள்ளை" என்றார்.

ஒக்ரோபர் 2

மிஸ் என்னை மட்டும் வைத்து விசேட வகுப்பு எடுக்கிறார். மற்றப் பிள்ளைகளில் அவருக்கு நம்பிக்கை இல்லை. இந்த வருடம் எங்கள் பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு இசைக்கு ஒரு பிள்ளை போவதென்றால் அது நான்தான் என்கிறார். இதைக் கேட்க நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன். இன்று கேட்டதும், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கிப் போய்விட்டேன். புழுக்கம் அப்படி.

மிஸ் இப்போது யாருடைய பாட்டுக்கும் கண்ணை மூடுவதில்லை. பிள்ளைகளின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

ஒக்ரோபர் 17

செயன்முறைப் பரீட்சை. வேறொரு பாடசாலையில்தான் மண்டபம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை, இரண்டிலும் பரீட்சகர்கள். வெளியே இருப்பதற்கு நீள வாங்கு ஒன்று, ஒவ்வொருவராக இலக்கம் சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் போனபோது வாங்கின் அந்தத் தொங்கலில் கஜானி இருந்தாள்.

பட்டுச்சேலை கட்டியிருந்தாள், பாடப் போகிறவள்போல. கழுத்தில் தழும்பு தெரிந்தது, மூடவில்லை. உடம்பு பாதியாகியிருந்தது. டொக்டரின் கடிதம் கொடுத்தால் வராமலே விடலாம், ஆனால் வராதவள் என்று தன் பெயருக்கு நேரே யாரும் எழுதக்கூடாது என்று அடம்பிடித்தாளாம். அவளுடைய அம்மா மரத்தடியில் நின்றபடி எனக்குச் சொன்னார். வந்து கையெழுத்தாவது வைக்கட்டும் என்று மிஸ்தான் ஒழுங்கு பண்ணியிருக்கிறார்.

பக்கத்தில் போய் இருந்தேன். வரவில்லையென்று கோபமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அவளுடைய பேச்சு இப்போது காதுக்குக் கிட்ட வந்தால்தான் கேட்கும், குனிந்து கேட்டேன்.

"கண்ணாடியில பாத்தா வீங்கின மாதிரி இருக்கும். பயந்துபோய்ப் பக்கத்தில உன்ர படத்தைப் பாப்பன். அதில ஒண்டும் இராது. நான் பயத்தில பாக்கிறன், நீ அளந்து பாக்கிறாய், உன்ர கண்தான் சரியாயிருக்கும் எண்டு நினைப்பன்."

மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தாள்.

"அம்மா டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போக ரெண்டு தரம் வெளிக்கிட்டவ. நான்தான் படத்தைக் காட்டி மறிச்சனான். தர்சிக்குப் பிழையாத் தெரியாது, சேரே சுவரில மாட்டினவர் எண்டு சொன்னனான்."

நான் வாங்கில் இருந்த ஒரு ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் முழங்கையைத் தொட்டாள். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் நல்லது.

"உனக்கு அப்பிடித்தானே தெரிஞ்சது, தர்சி?"

ஓம் என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்ப சரி, என்ர விதி என்றாள். உள்ளே இருந்து என் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். போ, நல்லாப் பாடு என்று முதுகைத் தட்டினாள்.

போய்ப் பாடினேன். வர்ணம், கீர்த்தனை, கல்பனாஸ்வரம், அவர்கள் கேட்ட இராகங்கள் எல்லாம். எந்த இடத்திலும் குரல் தடக்கவில்லை. இப்படி ஒருநாளும் நான் பாடியதில்லை என்று எனக்கே தெரிந்தது. நடுவில் இருந்த பரீட்சகர் பேனையை வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். எனக்கு என்மேல் பயமாக இருந்தது.

வெளியே வந்தபோது வாங்கு வெறுமையாக இருந்தது. கஜானியைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கையெழுத்தோடு போகலாம் என்று சொன்னார்களாம், பாடிவிட்டுத்தான் போவேன் என்றாளாம். அவளுடைய அம்மாவும் மிஸ்ஸும் மரத்தடியிலிருந்து வந்து கதவுக்கு வெளியே நின்றார்கள். நானும் போய் நின்றேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே சுருதிப்பெட்டி போய்க்கொண்டிருந்தது, கையால் தாளம் போடும் சத்தமும் ஒழுங்காகக் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. பரீட்சகர்கள் அவளை இடையில் நிறுத்தவில்லை. ஒரு முழுக் கீர்த்தனைக்கு எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரமும் நாங்கள் அப்படியே நின்றோம்.